எட்டு கிலோமீட்டர் நடைபாதையும் எழுபது வயதுக் கால்களும்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
அரசுச் செயலாளர், மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை, சென்னை.
இயக்குநர், பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை, சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

2023 நவம்பர் 4 அன்று தொடங்கப்பட்ட ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தின்கீழ் 38 மாவட்டங்களிலும் ஏற்படுத்தப்பட்ட எட்டு கிலோமீட்டர் நடைபாதைகள் குறித்து இம்மடலை எழுதுகிறேன். நான் ஓர் இயன்முறை மருத்துவர். மூட்டுத் தேய்மானம், பக்கவாதம், இதய அறுவை சிகிச்சை, அல்லது “நடந்தால் கால் ஓய்ந்துவிடுகிறது” என்ற ஒற்றை வரி முறையீடு ஆகியவற்றோடு என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் அறுபதைக் கடந்தவர்கள். அரசே முன்வந்து மக்களை நடக்கச் சொல்வதும், அதற்கென ஒரு வழித்தடத்தை வகுத்துக் கொடுப்பதும், அந்தத் தடத்திலேயே மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மருத்துவ முகாம் நடத்த முடிவெடுத்ததும் வரவேற்க வேண்டிய செயல்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. என் கோரிக்கை ஒன்றுதான். முதியோரின் நடையைத் தூரத்தால் அளப்பதை விட்டுவிட்டு, அந்த நடைக்கு அவரவர் உடல் எவ்வளவு முயற்சி எடுக்கிறது என்பதால், அதாவது நடையின் தீவிரத்தால், அளக்கும் ஏற்பாட்டை அதே பாதைகளில் செய்து தர வேண்டும்.

எட்டு கிலோமீட்டர் என்பது ஒரு முதியவருக்கு எவ்வளவு என்பதை முதலில் கணக்கிட்டுப் பார்க்கலாம். நல்ல உடல்நிலையிலுள்ள நடுத்தர வயதினர் நொடிக்கு 1.2 மீட்டர் வீதம் நடந்தால் அதை ஒரு மணி 51 நிமிடத்தில் முடித்துவிடுவார்கள். எழுபதைக் கடந்த பலர் நடக்கும் நொடிக்கு 0.8 மீட்டர் வேகத்தில் அதே தூரத்துக்கு ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். அவருடைய ஓர் அடி அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால் பதினாறாயிரம் அடிகள் வைக்க வேண்டும். இதைப் படிக்கும் அதிகாரிகள், யாரையும் எட்டு கிலோமீட்டரையும் நடக்கும்படி நாங்கள் கட்டாயப்படுத்தவில்லையே என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் பாதையின் தொடக்கத்தில் நிற்கும் பலகையில் ஓர் எண் பெரிதாக எழுதப்பட்டிருக்கும்போது, அதைப் படிப்பவர் அதையே இலக்காக எடுத்துக்கொள்கிறார். எட்டாத இலக்கு என்று கண்டவர்களில் ஒரு பகுதியினர் திரும்பிப் போய்விடுகிறார்கள். மற்றொரு பகுதியினர், எப்படியாவது தூரத்தை முடித்தால் போதும் என்று, மூச்சு சிறிதும் வாங்காத நடையில் ஊர்ந்துகொண்டிருக்கிறார்கள். முதல் வகையினருக்குப் பயன் ஏதுமில்லை. இரண்டாம் வகையினருக்கோ, செலவிடும் நேரத்துக்கு ஏற்ற பயன் கிடைப்பதில்லை.

மக்கள்தொகையில் அறுபது வயதைக் கடந்தோரின் பங்கில் கேரளத்துக்கு அடுத்த இடத்தில் தமிழ்நாடு இருக்கிறது. 2021-க்கான மதிப்பீட்டின்படி அது 13.6 விழுக்காடு. எனவே இது ஒரு சிறு கூட்டத்தின் தேவை என்று ஒதுக்கக்கூடியதன்று.

தீவிரம் என்று நான் சொல்வதைச் சற்று விளக்க வேண்டும். சமதரையில் மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் நடக்கும் ஒருவருக்கு, உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நிமிடத்துக்கு ஏறத்தாழ பத்து மில்லிலிட்டர் ஆக்சிஜன் செலவாகிறது. இந்தச் செலவு பெரும்பாலும் எல்லோருக்கும் பொது. முதுமையில் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். ஆனால், உடல் தன் உச்ச முயற்சியில் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் அளவு ஆளுக்கு ஆள் மாறுகிறது. அந்த உச்சத் திறன் 35 மில்லிலிட்டராக இருக்கும் நாற்பது வயதுக்காரருக்கு மேற்சொன்ன நடை மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வேலை, பேசிக்கொண்டே போவார். உச்சத் திறன் 15 மில்லிலிட்டருக்கு இறங்கிவிட்ட எண்பது வயது அம்மையாருக்கு அதே நடை மூன்றில் இரண்டு பங்கு. வருமானத்தில் மூன்றில் இரண்டு பங்கு வாடகைக்கே போய்விடும் குடும்பத்தைப் போல, மாடிப்படி, மளிகைப் பை, மழைக்கு ஓடி ஒதுங்குவது என்று எதிர்பாராமல் வரும் எந்தச் செலவுக்கும் அவரிடம் கையிருப்பு இல்லை. முப்பது வயதுக்குப் பிறகு இந்த உச்சத் திறன் பத்தாண்டுக்கு ஏறத்தாழ பத்து விழுக்காடு குறைகிறது. எழுபதுக்குப் பின் இன்னும் விரைவாகச் சரிகிறது. 18 மில்லிலிட்டருக்குக் கீழே போகப் போக, பிறர் துணையின்றி அன்றாட வேலைகளைச் செய்துகொள்வதே கடினமாகிவிடுகிறது.

நடைத் தாங்குதிறன் என்பது இந்தக் கையிருப்புதான். நெடுந்தூரம் மெல்ல நடப்பதால் இது பெரிதாக வளர்வதில்லை. வழக்கமான நடையைவிடச் சற்றுக் கடினமான முயற்சியை உடல் அவ்வப்போது சந்திக்க வேண்டும். ‘சற்றுக் கடினமான’ என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால்தான், ஒரு மாநிலம் முழுமைக்கும் ஒரே தூரத்தை எழுதி வைப்பது முதியோர் விஷயத்தில் பொருந்தாது என்கிறேன்.

திட்டம் அறிவிக்கப்பட்டபோது அமைச்சராக இருந்த திரு. மா. சுப்பிரமணியன் அவர்கள், டோக்கியோவில் தாம் பார்த்த எட்டு கிலோமீட்டர் நடைபாதையே இதற்கு முன்மாதிரி என்று தெரிவித்திருந்தார். அவர் மாரத்தான் ஓட்டக்காரர்; தூரத்தின் மீது அவருக்கு இருந்த ஈர்ப்பு இயல்பானது. ஆனால் முதியோர் நடை குறித்து ஜப்பான் உலகுக்குக் கற்றுக்கொடுத்த பெரிய பாடம் டோக்கியோவிலிருந்து வரவில்லை. நகானோ மாகாணத்தின் மாட்சுமோட்டோ நகரிலிருந்து வந்தது. அங்குள்ள ஷின்ஷூ பல்கலைக்கழகத்தில் ஹிரோஷி நோசே என்ற உடலியல் பேராசிரியரும் அவருடைய குழுவினரும், ஊர் மக்களையே பங்கேற்பாளர்களாகக் கொண்டு பல ஆண்டுகள் ஆய்வு நடத்தினார்கள். 2007-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், சராசரியாக 63 வயதுள்ள 246 பேர் மூன்று குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவினர் தனியாக நடைப்பயிற்சி எதுவும் மேற்கொள்ளவில்லை. இன்னொரு குழுவினர் நாளொன்றுக்கு எண்ணாயிரம் அடிக்குக் குறையாமல், தம் உச்சத் திறனில் பாதி அளவான ஒரே சீரான நடையில் நடந்தனர். மூன்றாம் குழுவினர் மூன்று நிமிடம் உச்சத் திறனில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட வேக நடை, மூன்று நிமிடம் 40 விழுக்காட்டு மெது நடை என்று மாற்றி மாற்றி, ஒரு நாளைக்கு ஐந்து சுற்று அல்லது அதற்கு மேல், வாரத்தில் நான்கு நாளுக்குக் குறையாமல் நடந்தனர்.

ஐந்து மாதம் கழித்து அளந்தபோது, மாற்றி நடந்தவர்களின் முழங்காலை நீட்டும் தசை வலிமை 13 விழுக்காடும், மடக்கும் தசை வலிமை 17 விழுக்காடும், நடைக்கான உச்ச ஆக்சிஜன் திறன் ஏறத்தாழ 9 விழுக்காடும் கூடியிருந்தன. மேல் இரத்த அழுத்தமும் குறைந்திருந்தது. அடிகளை எண்ணிச் சீராக நடந்தவர்களிடம் இந்த அளவுக்கு மாற்றம் காணப்படவில்லை. நேரக் கணக்கைப் பாருங்கள்: வேக நடை நாளொன்றுக்கு வெறும் பதினைந்து நிமிடம். அதே குழுவினர் 2019-இல் 679 பேரின் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையில், உடல்திறன் உயர்வைத் தீர்மானித்தது வேக நடைக்குச் செலவிட்ட நேரமே என்றும், அது வாரத்துக்கு ஏறத்தாழ 50 நிமிடத்தை எட்டிய பிறகு கூடுதல் நேரத்தால் கிடைக்கும் பயன் நின்றுவிடுகிறது என்றும் காட்டினார்கள். வாரத்துக்கு 50 நிமிடம் என்பது எந்தப் பெரியவரையும் மலைக்க வைக்காத அளவு. ஜப்பானிலிருந்து நாம் தூரத்தைக் கொண்டுவந்தோம். இதையும் சேர்த்துக் கொண்டுவந்திருக்கலாம்.

இன்று கைப்பேசிகளெல்லாம் எண்ணிக் காட்டும் பத்தாயிரம் அடி என்ற இலக்கும், டோக்கியோ ஒலிம்பிக்கை அடுத்து 1965-இல் அங்கே விற்பனைக்கு வந்த ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியதுதான். மருத்துவ ஆய்வு எதிலிருந்தும் அது பிறக்கவில்லை. சராசரி வயது 72 உள்ள 16,741 அமெரிக்கப் பெண்களைப் பின்தொடர்ந்த 2019 ஆய்வில், நாளொன்றுக்கு 4,400 அடி நடந்தவர்களிடமே இறப்பு விகிதம், 2,700 அடி நடந்தவர்களைவிடக் கணிசமாகக் குறைந்திருந்தது. 7,500 அடியளவில் அந்தப் பயன் ஒரு நிலைக்கு வந்து நின்றுவிட்டது. அந்த ஆய்வில், மொத்த அடிகளைக் கணக்கில் கொண்ட பிறகு, வேகத்துக்கும் இறப்புக்கும் தெளிவான தொடர்பு தென்படவில்லை என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நார்வேயின் டிரான்ட்ஹெய்ம் நகரில் 70 முதல் 77 வயது வரையுள்ள 1,567 பேரை ஐந்தாண்டுகள் தொடர்ந்த ஆய்வும், 2020-இல் அதன் முடிவை வெளியிட்டபோது, தீவிரப் பயிற்சி பெற்றவர்களுக்கும் மிதமான பயிற்சி பெற்றவர்களுக்கும் பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களுக்கும் இடையே இறப்பு விகிதத்தில் ஐயத்துக்கிடமற்ற வேறுபாடு இருப்பதாக நிறுவவில்லை. ஆகவே, வேகமாக நடந்தால் ஆயுள் கூடும் என்று பலகையில் எழுதும்படி நான் கேட்கவில்லை. நான் பேசுவது இருக்கும் ஆயுளில் பேருந்து நிறுத்தம் வரை போய்வரும் திறனைப் பற்றி.

அந்தத் திறனுக்கான சான்று வலுவானது. அமெரிக்காவில் எட்டு மையங்களில் நடந்து 2014-இல் முடிவு வெளியான ‘லைஃப்’ ஆய்வில், 70 முதல் 89 வயது வரையிலான, உடலியக்கம் ஏற்கெனவே குறைந்துபோன 1,635 பேர் கலந்துகொண்டார்கள். அதில் தேர்ந்தெடுத்த அளவுகோல் மிக எளிமையானது: உட்காராமல், பிறர் கையைப் பிடிக்காமல், 400 மீட்டரைப் பதினைந்து நிமிடத்துக்குள் நடக்க முடிகிறதா? சராசரியாக 2.6 ஆண்டுகள் கழிந்தபோது, உடல்நலச் சொற்பொழிவுகளை மட்டும் கேட்டவர்களில் 35.5 விழுக்காட்டினர் ஒருமுறையேனும் இந்தத் திறனை இழந்திருந்தனர். மிதமான தீவிரத்தில் நடையும், கூடவே வலிமைப் பயிற்சியும் சமநிலைப் பயிற்சியும் செய்தவர்களில் அது 30.1 விழுக்காடு. நூற்றுக்கு ஐந்து பேர் என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஒரு மாவட்டத்தின் முதியோர் எண்ணிக்கையோடு அதைப் பெருக்கிப் பார்க்கும் வசதி உங்கள் துறையிடம் இருக்கிறது.

உடல் மேலும் தளர்ந்தவர்களுக்கும் இது பொருந்துமா என்ற கேள்விக்குச் சிகாகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025-இல் வெளியிட்ட கட்டுரை ஒரு பதிலைத் தருகிறது. முதியோர் குடியிருப்புகளில் வாழும், தளர்ச்சியுற்ற அல்லது தளர்ச்சியின் வாசலில் நிற்கும் 102 பேரின் நடையைத் தொடையில் கட்டிய கருவியால் பதிவு செய்து பார்த்தபோது, தம் வழக்கமான நடையைவிட நிமிடத்துக்கு ஏறத்தாழ 14 அடி கூடுதலாக வைத்தவர்களிடம், ஆறு நிமிடத்தில் நடக்க முடிந்த தூரம் குறிப்பிடத்தக்க அளவு கூடுவதற்கான வாய்ப்பு மிகுதியாக இருந்தது. அந்த ஆய்வு சிறியது. தனித்து நின்றால் பெரிய முடிவுகளைத் தாங்காது. ஆனாலும் அது கையாண்ட முறை நமக்கு ஏற்றது. எல்லோரையும் ஒரே வேகத்துக்கு இழுக்காமல், அவரவர் வழக்க நடையைத் தொடக்கமாக வைத்து அதற்கு மேல் சிறிது கூட்டியது. பொதுவாக நிமிடத்துக்கு நூறு அடி என்பது மிதமான தீவிரத்தின் தொடக்கம் என்று கொள்ளப்படுகிறது. எழுபது அடியில் நடந்துகொண்டிருக்கும் பெரியவரிடம் நூறு என்று சொன்னால் அஞ்சுவார். எண்பத்தைந்து என்றால் முயன்று பார்ப்பார்.

இனி நம் பாதைகளுக்கு வருகிறேன். நான் அதிகாலையில் பார்க்கும் பாதை ஒரு நகராட்சிப் பூங்காவை ஒட்டியது. வேறு ஊர்களிலும் காட்சி பெரிதாக மாறாது என்றே நினைக்கிறேன். ஐந்தரை மணிக்கெல்லாம் ஓய்வுபெற்றவர்கள் நாலைந்து பேராகக் கூடிவிடுகிறார்கள். நடையின் வேகத்தை அந்தக் கூட்டத்தில் மிகவும் மெதுவாக நடப்பவரின் முழங்காலும், அன்றைய நாளிதழ் கிளப்பிவிட்ட அரசியல் விவாதமும் தீர்மானிக்கின்றன. “இன்னைக்கு எத்தனை ரவுண்டு சார்?” என்பதே அவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, எப்படி நடந்தீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. சுற்று முடிந்ததும் வாசலில் அருகம்புல் சாறு, அதைத் தொடர்ந்து எதிர்க் கடையில் சர்க்கரை போட்ட காபி. இந்தத் தோழமையைக் கெடுக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். அதற்காகத்தான் அவர்கள் நாள் தவறாமல் வருகிறார்கள். பெண்களின் நிலை வேறு. வீட்டு வேலை முடித்து ஏழு மணிக்கு மேல், புடவையும் தேய்ந்த ரப்பர் செருப்புமாக வருகிறார்கள். அவர்களில் பலருக்குக் கைக்கடிகாரமோ கைப்பேசியில் நேரம் பார்க்கும் பழக்கமோ இல்லை. மூன்று நிமிடம் வேகம், மூன்று நிமிடம் மெதுவாக என்று அவர்களிடம் சொல்லிப் பயனில்லை.

அதனால் நான் தெருவிளக்குக் கம்பங்களைப் பயன்படுத்துகிறேன். “அம்மா, இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பம் வரைக்கும் கொஞ்சம் எட்டி நடை போடுங்க; அடுத்த கம்பம் வரைக்கும் உங்க இஷ்டம்” என்றால் உடனே பிடித்துக்கொள்கிறார்கள். சில வாரங்களில் இரண்டு கம்பம் வேகம், ஒரு கம்பம் மெதுவாக என்று மாற்றுகிறோம். மாட்சுமோட்டோவின் மூன்று நிமிடத்துக்கு இது சமமாகாது. ஆனால் தொடக்கத்தில் மூன்று நிமிடம் வேகமாக நடக்கவே முடியாதவர்களுக்கு இதுவே முதல் படி. உங்கள் நடைபாதைகளில் தூரத்தைக் காட்டும் கற்களோடு, வேக நடைக்கு ஒரு வண்ணமும் மெது நடைக்கு ஒரு வண்ணமுமாகத் தரையிலோ ஓரக் கற்களிலோ மாறி மாறிப் பூசிவிட்டால், எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் அதைப் பின்பற்ற முடியும். எட்டு கிலோமீட்டர் முழுவதும் பூச வேண்டியதில்லை. தொடக்கத்தில் 400 மீட்டர் போதும்.

எவ்வளவு வேகம் என்பதை எப்படி அறிவது? நாடித் துடிப்பை எண்ணி, 220-இலிருந்து வயதைக் கழித்து வரும் எண்ணில் இத்தனை விழுக்காடு என்று சொல்லும் முறையை முதியோருக்கான பலகைகளில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தச் சூத்திரம் தனிமனிதருக்குப் பத்துப் பன்னிரண்டு துடிப்பு வரை எளிதாகப் பிசகக்கூடியது என்பது ஒருபுறம். இரத்த அழுத்தத்துக்கோ இதய நோய்க்கோ அட்டெனலால், மெட்டோபுரலால் போன்ற மாத்திரைகளை உட்கொள்பவர்களுக்கு நாடித் துடிப்பு மாத்திரையின் கட்டுப்பாட்டில் இருக்கும் என்பது மறுபுறம். அவர்கள் அந்த எண்ணை எட்டவேண்டும் என்று விரட்டிக்கொண்டு போனால் ஆபத்து. இதைவிட நம்பத்தக்கது பேச்சுச் சோதனை: வேக நடையின்போது முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் இடையே மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டும். சுவீடன் நாட்டு உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த, 6 முதல் 20 வரையிலான முயற்சி அளவுகோலில் இது ஏறத்தாழ 12, 13-ஐ ஒட்டிய இடம். ‘லைஃப்’ ஆய்வும் 13-ஐத்தான் இலக்காக வைத்திருந்தது. பலகையில் அந்த எண்கள்கூட வேண்டாம். பேசலாம், பாட முடியாது என்ற இரண்டு சொற்றொடர் போதும்.

அடுத்து, இம்மடலின் மையமான வேண்டுகோள். முதல் ஞாயிறு முகாம்களில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பதோடு, அறுபது வயதைக் கடந்தவர்களுக்கு ஆறு நிமிட நடைச் சோதனையையும் சேர்க்க வேண்டும். அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் 2002-இல் இதற்கான நெறிமுறையை வெளியிட்டது. நுரையீரல், இதய நோயாளிகளுக்கு உலகெங்கும் அதைப் பின்பற்றுகிறார்கள். தேவைப்படுவது சமதரையில் 30 மீட்டர் நீளமுள்ள ஒரு நேர்கோடு, இரு முனைகளிலும் ஒவ்வொரு கூம்பு, ஒரு நிறுத்துக் கடிகாரம், ஒரு நாற்காலி, இரத்த அழுத்தக் கருவி. ஆறு நிமிடத்தில் தம்மால் இயன்ற அளவு தூரம் நடக்கும்படி சொல்ல வேண்டும். இடையில் நிற்கலாம், ஓய்வெடுக்கலாம். கடிகாரம் மட்டும் நிற்காது. ஓடக் கூடாது. கூடவே நடந்து வேகத்தைத் தூண்டுவதும், “சபாஷ், இன்னும் வேகமா” என்று கத்துவதும் கூடாது. ஒவ்வொரு நிமிடமும் வகுத்த வாக்கியத்தை மட்டும், ஒரே தொனியில் சொல்ல வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நம் முகாம்களில் தன்னார்வலர்கள் அன்பு மிகுதியால் கைதட்டி உற்சாகப்படுத்துவார்கள். இந்த மாதம் கைதட்டு இருந்து அடுத்த மாதம் இல்லாவிட்டால், அளவு அளவாக இராது.

நடந்த தூரத்தை அவருடைய அட்டையில் எழுதிக் கொடுத்து, மூன்று மாதம் கழித்து மீண்டும் அளந்தால், ஏறத்தாழ முப்பது மீட்டர் முன்னேற்றம் என்பது அவரே உணரக்கூடிய மாற்றம். சர்க்கரை அளவைக் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன பெரியவர்களுக்கு, குறைக்கச் சொல்லாமல் கூட்டச் சொல்லும் ஓர் எண் கையில் கிடைப்பது தனி ஊக்கம் என்பதை என் தொழிலில் கண்டிருக்கிறேன். யாருக்குச் சோதனை கூடாது என்பதையும் நெறிமுறை வரையறுத்திருக்கிறது: கடந்த ஒரு மாதத்துக்குள் மாரடைப்பு வந்தவர்கள், ஓய்விலேயே நெஞ்சு வலி வருபவர்கள் தவிர்க்கப்பட வேண்டும். ஓய்விலேயே நாடி 120-ஐத் தாண்டியவர்கள், இரத்த அழுத்தம் 180/100-க்கு மேல் இருப்பவர்கள் ஆகியோரை மருத்துவர் பார்த்த பிறகே அனுமதிக்க வேண்டும். முகாமில் மருத்துவர் இருப்பதால் இது நடைமுறைக்கு ஒத்து வரும்.

பாதைக்கே வர முடியாதவர்களை என்ன செய்வது? 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீட்டுக்கே வரும் இயன்முறை மருத்துவர்கள் இருக்கிறார்கள். நடைபாதைத் திட்டமும் இதுவும் ஒரே துறையின் கீழ் இருந்தும், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒருவரை அனுப்பி வைக்கும் வழி வெளிப்படையாக இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாத ஒருவருக்கு நடையைப் பரிந்துரைப்பது முறையன்று. அவருக்கு முதலில் தொடைத் தசை வலிமையும் சமநிலையும் வேண்டும். நடை மட்டும் கீழே விழுவதைத் தடுக்கும் என்பதற்கு இதுவரை உறுதியான சான்று இல்லை. சமநிலைப் பயிற்சியும் உட்கார்ந்து எழுவது போன்ற அன்றாட அசைவுப் பயிற்சியும் விழும் விகிதத்தை ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைக்கின்றன என்று, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2019-இன் காக்ரேன் மதிப்பாய்வு காட்டுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 நெறிமுறையும், 65 வயதைக் கடந்தோருக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிட மிதமான உடலியக்கத்தோடு, வாரத்துக்கு மூன்று நாளாவது சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சியைக் கேட்கிறது. வீட்டில் இரண்டு, மூன்று மாதம் வலிமை சேர்த்தவரைப் பாதைக்கு அழைத்து வருவதும், முகாமில் 400 மீட்டரை முடிக்க இயலாதவரை வீட்டு வருகைப் பட்டியலில் சேர்ப்பதும் ஒரு படிவத்தில் அடங்கும் வேலை.

சில எச்சரிக்கைகளை விட்டுவிட்டு வேக நடையை மட்டும் பரப்பினால் தீங்கு நேரும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற சர்க்கரை மாத்திரைகளையோ இன்சுலினையோ எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு வேகமாக நடப்பவருக்குச் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம். அவர் சட்டைப் பையில் நான்கு மிட்டாயாவது இருக்க வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்துபோன நீரிழிவு நோயாளிகள் எம்.சி.ஆர். எனப்படும் மென்மையான நுண்துளை ரப்பர் செருப்பில்லாமல் வேக நடைக்கு இறங்கக் கூடாது. எட்டு வடிவப் பாதையிலும் கூழாங்கல் பாதையிலும் வெறுங்காலோடு நடந்து, கொப்புளத்தை மறுநாள் துணியில் இரத்தம் பார்த்துத்தான் அறிகிறவர்கள் உண்டு; அத்தகைய பாதைகளின் முகப்பில் அவர்களுக்கென ஓர் எச்சரிக்கை கட்டாயம் தேவை. நடக்கும்போது நெஞ்சில் இறுக்கமோ, இடது தோள், தாடைக்குப் பரவும் வலியோ வந்தால் உடனே நிற்க வேண்டும். ‘வாயுப் பிடிப்பு’ என்று அடுத்த சுற்றுக்குப் போகக் கூடாது. நடந்தால் கெண்டைக்கால் இறுகி, நின்றால் விட்டுவிடும் வலி, காலுக்குப் போகும் இரத்தக் குழாய் அடைப்பின் அறிகுறியாக இருக்கலாம்; அதையும் மூட்டுவலி என்று தள்ளிவிடாமல் முகாமில் கேட்டறிய வேண்டும். கோடையில் ஏழரை மணிக்கு மேல் வேக நடை வேண்டாம் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை.

இருக்கைகளைப் பற்றியும் ஒன்று. நீண்ட பாதையில் இருக்கைகள் எங்கே இருக்கின்றன என்பது முதியோருக்கு அவற்றின் எண்ணிக்கையைவிட முக்கியம். அடுத்த இருக்கை எங்கே என்று தெரியாதவர் வேகத்தைக் கூட்டத் துணியமாட்டார். முதல் 400 மீட்டரில் மட்டுமாவது, ஐம்பது மீட்டருக்கு ஒன்றாக, முதுகுச் சாய்வும் கையூன்றி எழக் கைப்பிடியும் உள்ள இருக்கைகளைப் போட வேண்டும். சாய்வில்லாத கல் திண்ணையில் உட்கார்ந்த முழங்கால் நோயாளிக்கு அதிலிருந்து எழுவது தனிப் போராட்டம். பாதை சாலையைக் கடக்கும் இடங்களில், நடந்து கடப்பவர் நொடிக்கு 1.2 மீட்டர் வேகத்தில் போவார் என்ற கணக்கில் சைகை விளக்கு அமைந்திருந்தால், நாம் இங்கே பேசிக்கொண்டிருக்கும் மக்கள் நடுச்சாலையில் நிற்பார்கள். அது உங்கள் துறையின் கையில் இல்லை என்றாலும், உங்கள் துறை கேட்டால் நடக்கும்.

முதியோரை வேகமாக நடக்கச் சொல்லி ஏதேனும் நேர்ந்தால் பழி நம் தலையில் விழுமே என்ற தயக்கம் அலுவலகங்களில் எழும். ‘லைஃப்’ ஆய்வில் மருத்துவமனையில் சேர்தல் போன்ற கடுமையான நிகழ்வுகள் பயிற்சிக் குழுவில் 49.4 விழுக்காட்டினருக்கும் மற்றக் குழுவில் 45.7 விழுக்காட்டினருக்கும் நேர்ந்தன; அந்த வேறுபாடு தற்செயலாகவும் இருக்கக்கூடிய அளவுதான். அது எண்பது வயதை ஒட்டியவர்களின் இயல்பான நோய்ச்சுமை. இன்று அதே பெரியவர்கள் எந்த அளவீடும் கண்காணிப்பும் இல்லாமல், எட்டு என்ற எண்ணை மட்டும் பார்த்து நடந்துகொண்டிருக்கிறார்கள். அதில் இருக்கும் இடரை யாரும் எந்தப் பதிவேட்டிலும் எழுதுவதில்லை என்பதே வேறுபாடு.

எல்லா மாவட்டங்களிலும் ஒரே நாளில் தொடங்கக் கேட்கவில்லை. இரண்டு மாவட்டங்களை, ஒன்று நகரமாகவும் ஒன்று பெரும்பாலும் கிராமமாகவும், தேர்ந்தெடுங்கள். ஒவ்வொன்றிலும் பாதையின் தொடக்கத்தில் 30 மீட்டர்க் கோடும், 400 மீட்டருக்கு இரு வண்ண அடையாளமும், பேச்சுச் சோதனைப் பலகையும், மேற்சொன்ன இருக்கைகளும் அமையட்டும். முகாமுக்கு வரும் அறுபது வயதைக் கடந்தோரின் ஆறு நிமிடத் தூரத்தை ஓராண்டு பதிவு செய்து, பெயர்களை நீக்கிவிட்டு, முடிவுகளை வெளியிடுங்கள். தமிழ்நாட்டு முதியோரின் உயரமும் எடையும் அடியின் நீளமும் வேறு; மேல்நாட்டு அட்டவணைகளை வைத்து அவர்களை அளப்பது சரியாக வருவதில்லை. அந்தப் பதிவு நமக்கென்று ஒரு அட்டவணை தயாரிக்கவும் உதவும். தேர்ந்தெடுக்கும் மாவட்டங்களில் முகாம் ஊழியர்களுக்குச் சோதனை முறையைக் கற்றுக்கொடுக்க அரசு மருத்துவக் கல்லூரிகளின் இயன்முறை மருத்துவப் பிரிவுகளைக் கேட்கலாம். என்னைப் போலத் தனியாகத் தொழில் செய்பவர்களையும் அழைத்தால், ஞாயிற்றுக்கிழமை காலையில் அளவு நாடாவோடு வந்து நிற்கத் தயாராக இருக்கிறோம்.

இம்மடலுக்கான பதிலை, எந்த மாவட்டங்கள், எந்த மாதத்திலிருந்து என்ற விவரத்தோடு எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் இயன்முறை மருத்துவர்